தொண்டைப் புற்றுநோய்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. எளிய சந்தேகங்கள் முதலில். போகப் போகச் சிக்கலானவை. இப்போதே ஏதோ அறிகுறி இருந்து கவலையில் இருப்பவர்கள் 4, 8, 9 மூன்றையும் முதலில் படித்துவிடுங்கள்.

1. தொண்டைப் புற்றுநோய்னா சரியா எந்த இடம்? தைராய்டு இதுல சேருமா?

தைராய்டு சேராது. உணவுக்குழாயும் சேராது. அக்கம்பக்கத்தில் இருந்தாலும் அவற்றில் வரும் நோய் வேறு, வைத்தியமும் வேறு. தொண்டைப் புற்றுநோய் என்று பொதுவாகச் சொல்வது இரண்டு இடங்களை. ஒன்று, மூக்கின் பின்புறம் தொடங்கி உணவுக்குழாயின் வாய் வரை இறங்கும், சுமார் 12 அல்லது 13 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். இன்னொன்று, அதன் முன்புறம் இருக்கும் குரல்வளை.

தொண்டையை மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். மேல்தொண்டை மூக்குக்குப் பின்னால் இருக்கிறது. வாயை எவ்வளவு திறந்தாலும் கண்ணில் படாது. நடுத்தொண்டையில் டான்சில்கள், நாக்கின் அடிப்பகுதி, மெல்லண்ணம். கீழ்த்தொண்டை குரல்வளைக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும். குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள். இந்தப் பிரிவினை வெறும் பாடப்புத்தகச் சமாசாரம் இல்லை. குரல்நாணில் கடுகளவு கட்டி வந்தாலே குரல் மாறிவிடும். அங்கே நிணநீர் நாளங்களும் குறைவு என்பதால் பரவுவதும் தாமதம். கீழ்த்தொண்டையில் அப்படியில்லை. கட்டி நன்றாக வளரும்வரை சத்தமே காட்டாது. ஒரே பெயரில் அழைக்கப்படும் நோயில் ஒருவர் முதல் கட்டத்திலும் இன்னொருவர் முற்றிய நிலையிலும் வந்து நிற்பதற்கு இது பெரிய காரணம்.

2. பீடி சிகரெட் குடிக்கிறவங்களுக்குத்தானே வரும்? எனக்கு அந்தப் பழக்கமே இல்லையே?

புகையிலைதான் முதல் குற்றவாளி, அதில் மாற்றமில்லை. குரல்வளையிலும் கீழ்த்தொண்டையிலும் வருபவை பெரும்பாலும் புகைப்பவர்களுக்கே வருகின்றன. எத்தனை வருடம், நாளுக்கு எத்தனை என்ற கணக்கோடு அபாயமும் ஏறும். புகையிலையும் பாக்கும் சேர்த்து மெல்லுவது வாயோடு நிற்காமல் தொண்டைக்கும் புற்றுநோயைக் கொண்டுவரும்.

ஆனால் புகைக்காதவர்களுக்கும் வரும். நடுத்தொண்டையில், குறிப்பாக டான்சிலிலும் நாக்கடியிலும், எச்.பி.வி. என்ற வைரஸ் (அதிலும் 16ஆம் வகை) முக்கியக் காரணம். சில நாடுகளில் அந்த இடத்தைப் பொறுத்தவரை இது புகையிலையையே முந்திவிட்டது. மேல்தொண்டைப் புற்றுநோய்க்கு எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்பு உண்டு. வேலை வழியாக வருபவையும் இருக்கின்றன: கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசும் கந்தக அமிலம் போன்ற வீரிய அமிலங்களின் ஆவியும் குரல்வளைக்கு, மரத்தூளும் ஃபார்மால்டிஹைடும் மேல்தொண்டைக்கு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இவற்றையெல்லாம் உறுதியான காரணிகளாகவே வகைப்படுத்தியிருக்கிறது. நெடுநாள் இரும்புச்சத்துக் குறைவும் அதோடு விழுங்கும் சிரமமும் உள்ள பெண்களுக்குக் கீழ்த்தொண்டையில் வருவது அரிது என்றாலும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது.

ஆகவே “நான்தான் புகைப்பதில்லையே” என்பது நிம்மதிக்குப் பாதிக் காரணம்தான். அதை நம்பி அறிகுறியைத் தள்ளிப்போடக் கூடாது.

3. நான் தண்ணி மட்டும்தான், சிகரெட் தொடமாட்டேன். அதுவும் ஆபத்தா?

ஆபத்துதான். மது தனியாகவே தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்க்குக் காரணி. உடல் சாராயத்தை அசிட்டால்டிஹைடாக உடைக்கிறது. அது செல்லின் மரபணுவைச் சேதப்படுத்துகிறது. பீரா, ஒயினா, விஸ்கியா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே போகும் ஆல்கஹாலின் அளவுதான் கணக்கு.

இரண்டும் சேரும்போதுதான் விபரீதம். மதுவின் அபாயத்தையும் புகையின் அபாயத்தையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாக, கிட்டத்தட்ட பெருக்கினாற்போல் ஏறுகிறது. மது தொண்டையின் உள்தோலை நெகிழ்த்திவிட, புகையின் நச்சு எளிதாக உள்ளே இறங்குவது இதற்கு ஒரு காரணம். “குடிக்கும்போது மட்டும் ஒன்றிரண்டு சிகரெட்” என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

4. குரல் கரகரன்னு இருக்கு. எத்தனை நாள் பொறுத்துப் பாக்கலாம்?

மூன்று வாரம். சளி, இருமல், கத்திப் பேசியது, தொண்டை கட்டியது என்று காரணம் எதுவாக இருந்தாலும் அதற்குள் குரல் தெளிந்துவிட வேண்டும், குறைந்தது தெளியத் தொடங்கியிருக்க வேண்டும். தெளியவில்லையென்றால் இ.என்.டி. மருத்துவர் குரல்நாணைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். புகைப்பவர், 45 வயது தாண்டியவர், கழுத்தில் கட்டியும் உள்ளவர் என்றால் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

குரல் எப்படி மாறுகிறது என்பதிலும் குறிப்பு இருக்கிறது. ஒருநாள் நன்றாக இருந்து, பேசப்பேசக் கம்மி, ஓய்வெடுத்தால் திரும்பும் குரல் பெரும்பாலும் குரலை அதிகம் பயன்படுத்துவதால் வருவது. ஆசிரியர்களுக்கும் பாடகர்களுக்கும் வரும் குரல்நாண் முடிச்சுகள் இந்த ரகம்; அவை புற்றுநோயாக மாறுவதில்லை. இடைவெளியே இல்லாமல் வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டே போகும் கரகரப்புதான் கவலைக்குரியது. ஆனாலும் காதால் கேட்டு யாரும் முடிவு சொல்லிவிட முடியாது. பார்க்க வேண்டும்.

5. தொண்டையில ஒரு உருண்டை அடைச்ச மாதிரியே இருக்கு. சாப்பிடும்போது ஒண்ணும் தெரியல. அதுவா இருக்குமோ?

நீங்கள் சொன்ன இரண்டாவது வாக்கியத்திலேயே பதில் பாதி இருக்கிறது. வெறும் எச்சில் விழுங்கும்போது உருண்டை நிற்கிறது, சாப்பிடும்போது மறந்துபோகிறது, நடுவில் வந்து வந்து போகிறது என்றால் அது பெரும்பாலும் தொண்டைத் தசை இறுக்கமோ அமில எதிர்க்களிப்போ (வயிற்று அமிலம் மேலேறுவது) பதற்றமோதான். இந்தத் தொந்தரவு மிகவும் சாதாரணம். அடிக்கடி செருமுவதும் வெறுமனே விழுங்கி விழுங்கிப் பார்ப்பதும் அதை அதிகப்படுத்தும்.

புற்றுநோயின் போக்கு நேர்மாறானது. சாப்பிடும்போதுதான் சிக்கும். முதலில் கெட்டியான உணவு, பிறகு குழைத்தது, கடைசியில் நீர்கூட. அடைப்பு நடுவில் இல்லாமல் ஒரே பக்கமாக, ஒரே புள்ளியில் இருப்பது, வலி, எடை குறைவது, குரல் மாறுவது என்று ஏதாவது கூடச் சேர்ந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

6. ஒரு காது மட்டும் வலிக்குது. ஆனா காது சுத்தமா இருக்குன்னுட்டாங்க. அப்புறம் ஏன் வலி?

தொண்டைக்கும் காதுக்கும் நரம்பு பொது. மூளையிலிருந்து வரும் 9ஆம், 10ஆம் நரம்புகள் தொண்டைக்கும் குரல்வளைக்கும் உணர்ச்சி தருகின்றன. அவற்றின் கிளைகளே காதுக்கும் போகின்றன. கீழே புண் இருந்தால் மூளை அதைக் காது வலியாகப் படித்துவிடுகிறது. பல், தாடை மூட்டு, டான்சில் தொற்று ஆகியவையும் இதே வழியில் காதை வலிக்கவைக்கும் என்பதால் உடனே பயந்துவிட வேண்டாம்.

ஆனால் பெரியவர்களுக்கு ஒரு பக்கக் காது வலி, காதில் எந்தக் கோளாறும் இல்லை, விழுங்கினால் கூடுகிறது என்றால் சொட்டு மருந்தோடு விடாமல் தொண்டையையும் நாக்கடியையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி இல்லாமல் ஒரு காது மட்டும் அடைத்துக்கொண்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் பார்க்க வேண்டிய இடம் மேல்தொண்டை.

7. கழுத்துல ஒரு கட்டி. வலியே இல்ல. வலிக்கலைன்னா பயமில்லைதானே?

இதுதான் ஆபத்தான தவறான நம்பிக்கை. வலித்து, சிவந்து, சளி காய்ச்சலோடு வந்து, இரண்டு வாரத்தில் சுருங்கும் நெறிக்கட்டி தொற்றின் வேலை. வலியில்லாமல், கெட்டியாக, நகராமல், ஒன்றரை செ.மீ.க்கு மேல், இரண்டு வாரத்தைத் தாண்டியும் அப்படியே நிற்பதுதான் ஆராய வேண்டிய கட்டி. எச்.பி.வி. வகைப் புற்றுநோயில் பலருக்கு முதல் அறிகுறியே இதுதான். தொண்டையில் வலி இருக்காது, குரல் மாறாது. சவரம் செய்யும்போதோ சட்டைப் பித்தானைப் போடும்போதோ கையில் தட்டுப்படும்.

தொற்று அறிகுறி எதுவும் இல்லாமல் “ஆன்டிபயாட்டிக் போட்டுப் பாப்போம்” என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பலனில்லை. ஒருமுறை கொடுத்தாலும் இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பார்த்து, முழுதாகக் கரையாவிட்டால் அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும். 40 வயதுக்கு மேற்பட்டவரின் கழுத்தில் புதிதாக நீர்க்கட்டி போல ஒன்று வந்தால், அது பிறவிக் கட்டி என்று முடிவு கட்டும் முன் டான்சிலையும் நாக்கடியையும் தேடிப் பார்ப்பது அவசியம்.

8. வேற என்னென்ன கவனிக்கணும்? எது வந்தா உடனே ஓடணும்?

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், சிவப்புத் திட்டு, வெள்ளைத் திட்டு. ஒரு டான்சில் மட்டும் பெரிதாவது. எச்சிலிலோ சளியிலோ ரத்தக் கீற்று. முயலாமலே எடை குறைவது. சூடான உருளைக்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போன்ற கனத்த பேச்சு. நாக்கை முழுதாக நீட்ட முடியாமை. ஒரே மூக்குத்துவாரம் நாள்கணக்கில் அடைத்து ரத்தம் கசிவது, இரட்டையாகத் தெரிவது (இவ்விரண்டும் மேல்தொண்டையின் சைகைகள்). பொதுவான அளவுகோல் இரண்டே: நாள் கடந்தும் போகாதது, ஒரே பக்கமாக இருப்பது.

உடனே, அதாவது இரவானாலும் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியவை வேறு. மூச்சை உள்ளே இழுக்கும்போது “ஈஈ” என்று விசில் போலச் சத்தம், படுத்தால் மூச்சு முட்டுவது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, வாயிலிருந்து கட்டிகட்டியாக ரத்தம். மூச்சுப் பாதை சுருங்கிவிட்டதற்கான அடையாளம் அந்த விசில் சத்தம். இருமல் மருந்துக்கு அங்கே வேலையில்லை.

9. டாக்டர் டார்ச் அடிச்சு ‘ஆ’ காட்டச் சொல்லிப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டார். அது போதாதா?

சாதாரணத் தொண்டை வலிக்குப் போதும். 4ஆம், 7ஆம் கேள்விகளில் சொன்ன நிலைமைக்குப் போதாது. வாயைத் திறந்து பார்த்தால் தெரிவது டான்சில், உள்நாக்கு, பின்சுவரின் ஒரு துண்டு. நாக்கடி பாதி மறைவு. மேல்தொண்டை, கீழ்த்தொண்டை, குரல்நாண் எதுவும் தெரியாது. டார்ச்சுக்கு எட்டாத இடத்தைப் பற்றி டார்ச் எந்த உத்தரவாதமும் தர முடியாது.

பார்க்க வேண்டிய கருவி, மூக்கு வழியாகப் போகும் வளையும் எண்டோஸ்கோப். 3 முதல் 4 மி.மீ. பருமன். மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, உட்கார்ந்த நிலையிலேயே செய்வார்கள்; சில நிமிடங்களில் முடிந்துவிடும். உறுத்தும், கண்ணில் நீர் வரும், வலி பெரிதாக இருக்காது. மருத்துவர் “ஈ” என்று சொல்லச் சொல்வார், மோந்து பார்க்கச் சொல்வார். குரல்நாண் இரண்டும் சமமாக அசைகிறதா என்று பார்க்கத்தான் அது. மரத்த தொண்டையில் புரை ஏறும் என்பதால் சுமார் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருங்கள்.

கட்டி ஏதும் இல்லை, ஆனால் ஒரு குரல்நாண் அசையவில்லை என்று தெரிந்தால் அடுத்தது மார்பு வரை சி.டி. ஸ்கேன். இடது குரல்நாணுக்கான நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மேலே வருகிறது. வழியில் நுரையீரல் கட்டி அழுத்தினாலும் குரல்தான் முதலில் போகும்.

10. இதெல்லாம் எதுக்கு, ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சுடாதா?

தெரியாது. அறிகுறி இல்லாத எல்லாருக்கும் எடுத்து, தொண்டைப் புற்றுநோயை முன்கூட்டியே காட்டும் என்று பரிந்துரைக்கப்படும் ரத்தச் சோதனை எதுவும் இன்று இல்லை. “புற்றுநோய் மார்க்கர் தொகுப்பு” என்று விற்கப்படுபவற்றில் எல்லாம் சரியாக வந்தாலும் தொண்டையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மேல்தொண்டைப் புற்றுநோய் மிகுந்த பகுதிகளில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் டி.என்.ஏ.வை ரத்தத்தில் தேடும் முறை மட்டும் விதிவிலக்கு.

11. அசிடிட்டினால குரல் போயிருக்கும்னு ரெண்டு மாசமா மாத்திரை சாப்பிடுறேன். நிறுத்தவா, தொடரவா?

மாத்திரை இருக்கட்டும், யாராவது குரல்நாணைப் பார்த்தார்களா? நெஞ்செரிச்சல் எதுவும் இல்லாமல் குரல் மட்டும் கம்மியிருப்பவருக்குப் பார்க்காமலே அமில மாத்திரை, ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது என்று குரல் மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. ஸ்டீராய்டு இன்னும் மோசம். கட்டியைச் சுற்றிய வீக்கத்தை வடியவைத்துச் சில நாள் குரல் தெளிந்தாற்போல் காட்டும், நோயாளியும் மறந்துவிடுவார். எண்டோஸ்கோப்பில் எல்லாம் சரியென்று தெரிந்த பின் மருத்துவர் சொன்னால் மாத்திரையைத் தொடருங்கள்.

12. ஊசி போட்டு எடுத்தா, கத்தி பட்டா பரவிடும்னு எல்லாரும் சொல்றாங்களே?

பரவாது. கழுத்துக் கட்டியில் மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுப்பதும், தொண்டையிலிருந்து சிறு துணுக்கு எடுக்கும் பயாப்சியும் நோயைப் பரப்புவதில்லை. ஏற்கெனவே முற்றியிருந்த நோய் பயாப்சிக்குப் பின்னும் தன் போக்கில் வளர்ந்ததைப் பார்த்தவர்கள் கட்டிய கதை இது. பயாப்சி இல்லாமல் எந்தப் பொறுப்பான மருத்துவரும் கதிர்வீச்சையோ கீமோவையோ தொடங்கமாட்டார்.

ஆனால் வரிசை முக்கியம். கழுத்தில் கட்டி தெரிந்ததும் தோலைக் கிழித்து அதை முழுதாக வெட்டி எடுத்து அனுப்புவது முதல் வேலையாக இருக்கக் கூடாது. முதலில் எண்டோஸ்கோப்பில் தொண்டையைத் தேட வேண்டும், பிறகு ஊசிப் பரிசோதனை, முடிந்தால் அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே. அவசரப்பட்டு வெட்டினால் பின்னால் செய்ய வேண்டிய கழுத்து அறுவைக்கு அந்தத் தழும்பு இடைஞ்சலாகும். தொண்டையிலிருந்து துணுக்கு எடுப்பது பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

13. ரிப்போர்ட்ல பி16 பாசிட்டிவ்னு இருக்கு. வைரஸால வந்ததாம். வீட்டுல யாருக்காவது ஒட்டிக்குமா? என்னைத் தப்பா நினைப்பாங்களோ?

புற்றுநோய் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரக்குழந்தையைக் கொஞ்சலாம். பி16 என்பது வைரஸ் அல்ல, எச்.பி.வி. செல்லுக்குள் வேலை செய்தால் அதிகமாகச் சுரக்கும் புரதம், அவ்வளவுதான். எச்.பி.வி. பாலுறவு வழியாக, வாய்வழி உறவு உட்பட, பரவும் மிகச் சாதாரண வைரஸ். வாழ்நாளில் பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது வந்துபோகிறது. வந்தவர்களில் அநேகருக்கு ஓரிரு வருடத்தில் உடலே விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாகிறது. இப்போது தெரிவது எப்போதோ பட்ட தொற்று. இதை வைத்து யாருடைய நடத்தையையும், யார் யாருக்குக் கொடுத்தார் என்பதையும் கணிக்க வழியே இல்லை.

வாழ்க்கைத் துணைக்கு அந்த வைரஸ் ஏற்கெனவே பட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். புதிதாக எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. மனைவிக்குத் தொண்டைச் சோதனை தேவையில்லை, வழக்கமான கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தவறாமல் செய்தால் போதும். இன்னொன்று: பி16 பாசிட்டிவ் என்பது நல்ல செய்தி. இந்த வகை சிகிச்சைக்கு நன்றாக மசியும். புகைப்பழக்கம் இருந்தால் அந்த அனுகூலம் குறைந்துவிடும்.

14. அப்ப எச்.பி.வி. தடுப்பூசி இப்ப போட்டுக்கலாமா?

வந்துவிட்ட நோய்க்கு அது மருந்தாகாது. வைரஸ் படுவதற்கு முன் போட வேண்டியது. 9 முதல் 14 வயதுதான் சிறந்த காலம், பெண் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஆண் பிள்ளைகளுக்கும். 16ஆம் வகையையும் இந்தத் தடுப்பூசி தடுக்கிறது. நடுத்தொண்டைப் புற்றுநோயைத் தடுக்கும் பயனையும் சேர்த்து 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதலை விரிவாக்கியது.

15. ‘டி2 என்2பி, நாலாவது ஸ்டேஜ்’னு எழுதியிருக்கு. நாலுன்னா முடிஞ்சதுன்னுதானே அர்த்தம்?

இல்லை. டி என்பது மூலக் கட்டியின் அளவும் ஊடுருவலும், என் என்பது கழுத்து நிணநீர்க் கணுக்கள், எம் என்பது நுரையீரல் போன்ற தூர இடங்களுக்குப் பரவியது. கழுத்தின் ஒரே பக்கத்தில் பல கணுக்களில் இருந்தாலே, தூரப் பரவல் சிறிதும் இல்லாமல், ‘4ஏ’ என்று எழுதிவிடுவார்கள். 4ஏ குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை தரப்படும் நிலை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி “எம் எவ்வளவு?” என்பதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இதே கட்டி, இதே கணுக்கள், பி16 பாசிட்டிவாக நடுத்தொண்டையில் இருந்தால் அமெரிக்க வகைப்பாட்டின் 8ஆம் பதிப்பில் அது முதல் ஸ்டேஜ். எனவே பக்கத்துப் படுக்கைக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுக் கலங்காதீர்கள்.

16. ஆபரேஷன் நல்லதா, கரண்ட் வைக்கிறது நல்லதா?

இடத்தையும் கட்டத்தையும் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை. குரல்நாணோடு நிற்கும் ஆரம்பக் கட்டிக்கு வாய்வழி லேசர் அறுவையோ கதிர்வீச்சோ (நீங்கள் சொல்லும் கரண்ட்) ஏதாவது ஒன்று போதும்; இரண்டிலும் 10 பேரில் 9 பேர் அளவுக்குக் குணமாகிறார்கள். லேசர் என்றால் ஓரிரு நாளில் முடியும், தேவைப்பட்டால் கதிர்வீச்சைப் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம். கதிர்வீச்சு பல வாரம் இழுக்கும். ஆழமான கட்டியில் குரல் ஓரளவு நன்றாக மிஞ்சும்.

நடுத்தரமாக முற்றியதற்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. வழக்கமான அளவு 70 கிரே; 35 தவணை, வாரம் 5 நாள், 7 வாரம். குரல்வளையை எடுக்காமலே காப்பாற்ற முடியும் என்பதை 1991இல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஆய்வு காட்டியது; அதில் முதலில் கீமோவும் பிறகு கதிர்வீச்சும் பெற்றவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரண்டு வருடம் கழித்தும் குரல்வளை இருந்தது. ஆனால் குருத்தெலும்பைத் துளைத்து வெளியே வந்துவிட்ட கட்டி, ஏற்கெனவே எதை விழுங்கினாலும் புரை ஏறும் குரல்வளை ஆகியவற்றில் உறுப்பைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. வேலை செய்யாத குரல்வளையை வைத்துக்கொண்டு நிமோனியாவோடு போராடுவதைவிட அறுவையே மேல்.

17. கரண்ட் வைக்கறதுக்கு முன்னாடி பல்லை ஏன் பிடுங்கச் சொல்றாங்க? நடுவுல முடியலைன்னா நிறுத்திக்கலாமா?

கதிர்வீச்சு பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம், பத்து வருடம் கழித்தும்கூட. அதனால் தேறாத பற்களை முன்பே எடுத்து, ஆறுவதற்குக் குறைந்தது 10 முதல் 14 நாள் விட்டுத் தொடங்குவார்கள். நல்ல பல்லை எடுக்க வேண்டியதில்லை. உமிழ்நீர் வறண்டுவிடுவதால் ஃபுளூரைடு பூச்சு வாழ்நாள் பழக்கமாக வேண்டும்.

நிறுத்தக் கூடாது. சிகிச்சைக் காலம் ஒவ்வொரு நாள் நீளும்போதும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது. இடைவெளியில் மிஞ்சிய செல்கள் வேகமாகப் பெருகுவதே காரணம். வாய்ப்புண் இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, முடியும் தறுவாயில் உச்சத்துக்குப் போகும். முடிந்தபின்னும் இரண்டு வாரம் மோசமாகவே இருக்கும், இதை முன்பே தெரிந்துகொண்டால் பயம் குறையும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து இரண்டு மணிக்கொருமுறை கொப்பளியுங்கள். ஆல்கஹால் கலந்த வாய்க்கொப்பளிப்பான் வேண்டாம். வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன் எடுத்தால் விழுங்க முடியும். எடை இறங்கினால் மூக்கு வழி அல்லது வயிற்றுக் குழாயை மறுக்காதீர்கள். ஆனால் குழாய் இருந்தாலும் தினம் சில வாய் தண்ணீராவது விழுங்குங்கள். வேலையில்லாத விழுங்கு தசை சீக்கிரம் விறைத்துப்போகும்.

18. குரல்வளையை எடுத்துட்டா அப்புறம் வாழ்நாள் பூரா ஊமைதானா?

இல்லை. முழுக் குரல்வளை அறுவையை வியன்னாவில் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் 1873இல் செய்த காலத்திலிருந்தே மாற்றுக் குரலுக்கான முயற்சியும் தொடங்கிவிட்டது. இன்று மூன்று வழிகள். கழுத்தில் வைத்து அழுத்தும் மின்கருவி: உடனே பேசலாம், குரல் எந்திரம் போல இருக்கும். காற்றை விழுங்கி ஏப்பமாக விட்டுப் பேசும் உணவுக்குழாய்ப் பேச்சு: செலவில்லை, கற்க மாதங்கள் ஆகும், எல்லாருக்கும் கைகூடாது. மூன்றாவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தும் சிறு சிலிக்கோன் வால்வு. கழுத்துத் துளையை விரலால் மூடினால் நுரையீரல் காற்று வால்வு வழியாகப் போய்க் குரலாகிறது. மூன்றிலும் இயல்பான குரலுக்கு மிக அருகில் வருவது இதுதான்.

வால்வு சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தால் அது ஒழுகுகிறது என்று பொருள். கழன்று விழுந்தால் துளை மூடிவிடாதபடி, சொல்லிக்கொடுத்த ரப்பர் குழாயை அதில் செருகிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்; வால்வு கையில் கிடைக்காவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம், எக்ஸ்ரே வேண்டும். வீட்டார் மனதில் பதிய வேண்டியது வேறொன்று: இவருக்கு மூச்சு கழுத்து வழியாக மட்டுமே. மயங்கி விழுந்தால் ஆக்சிஜனைக் கழுத்துத் துளையில் கொடுக்க வேண்டும். முகத்தில் முகமூடி வைத்தால் ஒரு துளியும் உள்ளே போகாது. அப்படி எழுதிய அட்டை சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

19. வந்தது வந்துடுச்சு. இனிமே சிகரெட்டை விட்டு என்ன ஆகப்போகுது?

நிறைய. புகைத்துக்கொண்டே கதிர்வீச்சு எடுத்தால் கட்டிக்கு ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கதிர் எளிதில் கொல்லாது. புண் ஆறுவதும் தாமதம். இதைவிட முக்கியம், அதே புகை தொட்ட நுரையீரலிலும் உணவுக்குழாயிலும் வாயிலும் இரண்டாவது புற்றுநோய் வரும் ஆபத்து. முதல் நோயைக் கடந்த பலரை இந்த இரண்டாவது நோய்தான் சாய்க்கிறது.

நோய் வராதவர்களுக்கும் கணக்கு உண்டு: விட்ட 5 முதல் 10 வருடத்தில் வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய் அபாயம் பாதியாகக் குறைகிறது. எண்ணிக்கையைக் குறைப்பதல்ல, முழுதாக விடுவதே இந்தப் பலனைத் தரும்.

20. சிகிச்சை முடிஞ்சு ஸ்கேனும் கிளியர். இனிமே போகலைன்னா என்ன?

திரும்ப வருபவை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் வருகின்றன. அதனால் முதல் வருடம் 1 முதல் 3 மாதத்துக்கொருமுறை, இரண்டாம் வருடம் 2 முதல் 6 மாதத்துக்கொருமுறை, 5 வருடம் வரை 4 முதல் 8 மாதத்துக்கொருமுறை, பிறகு ஆண்டுக்கொருமுறை. ஒவ்வொரு முறையும் எண்டோஸ்கோப்பால் பார்க்கச் சொல்லுங்கள். விசாரித்து அனுப்புவது பரிசோதனை ஆகாது.

கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்களுக்குத் தைராய்டு மெல்ல மந்தமாகும். காரணமில்லாத சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை என்று வரும். பலர் “புற்றுநோய்க் களைப்பு” என்று விட்டுவிடுவார்கள். 6 முதல் 12 மாதத்துக்கொருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்தால் போதும், சின்ன மாத்திரையில் சரியாகிவிடும்.

21. பயாப்சியில புற்றுநோய் இல்லைன்னு வந்துடுச்சு. ஆனா குரல் இன்னும் தெளியல, கட்டியும் கரையல. நம்பலாமா?

அந்தத் துணுக்கில் இல்லை என்பதுதான் அந்த அறிக்கை சொல்வது. மேலோட்டமாக எடுத்திருக்கலாம், செத்த திசுவிலிருந்து வந்திருக்கலாம், சளித்தோலுக்கு அடியில் வளரும் கட்டியைத் தொடாமலே போயிருக்கலாம். 7இல் சொன்ன நீர்க்கட்டி வகைக் கணுவில் ஊசி வெறும் நீரை மட்டும் உறிஞ்சிவரும், செல் சிக்காது. கண்ணால் பார்த்ததும் ஸ்கேனும் ஒன்று சொல்ல, பயாப்சி வேறொன்று சொன்னால் மறுபடி எடுக்க வேண்டும், இந்த முறை ஆழமாக. கழுத்துக் கட்டியென்றால் அல்ட்ராசவுண்ட் வழிகாட்ட, கட்டியின் கெட்டியான சுவரிலிருந்து.

அறிக்கையில் ‘டிஸ்பிளேசியா’ என்ற சொல் இருந்தால் அது புற்றுநோய் அல்ல, ஆனால் அதை நோக்கி நகரத் தொடங்கிய செல்கள். லேசானது என்றால் புகையை விட்டுவிட்டுத் தவறாமல் பார்த்துக்கொண்டே வருவார்கள். கடுமையானது என்றால் அந்த இடத்தை முழுதாக அகற்றுவார்கள். பழைய துணுக்குகள் கண்ணாடித் தகட்டிலும் மெழுகுக் கட்டியிலும் ஆய்வகத்தில் இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கி, தலை-கழுத்து நோய்களில் பழகிய இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டலாம்; அதற்காகப் புதிதாக ஒருமுறை சதை எடுக்க வேண்டியதில்லை.